ஊர்ப் பெயர் தாங்கிய உணவுகள்

நியூ ஜேர்சியின் எடிசன் நகரிலுள்ள ஓக் ட்ரீ வீதியிலும், கலிபோர்ணியாவின் சன்னிவேல், பிறீமொன்ற் பகுதிகளிலும், ரெக்சாஸ் மாநிலத்தின் ஹியூஸ்ரன் நகரிலும் எம்மவர்கள் பலசரக்கு வாங்கச் செல்லும் இந்தியக் கடைகளின் தட்டுகளைச் சற்று நின்று நோக்குவோமாயின், அவை புவியியற் பாடநூலின் பக்கங்களைப் போலத் தோன்றும். மெட்ராஸ் கறித்தூள், மைசூர்ப் பாகு, பம்பாய் மிக்சர், திருநெல்வேலி அல்வா, ஹைதராபாத் பிரியாணி மசாலா எனப் பொதிக்குப் பொதி ஒரு நகரத்தின் பெயர். பம்பாய் 1995 இல் மும்பாய் ஆயிற்று. மெட்ராஸ் 1996 இல் சென்னை ஆயிற்று. ஆயினும் மிக்சரும் கறித்தூளும் பழைய பெயர்களை விட்டபாடில்லை. அத்தட்டின் ஒரு மூலையில், எமது நல்ல காலத்துக்கு, ரொறன்ரோவில் அரைத்துப் பொதிசெய்யப்பட்ட ‘யாழ்ப்பாணத்துக் கறித்தூள்’ அகப்படுவதும் உண்டு.

இந்தப் பெயரை ஊரிலே எவரேனும் சொல்லக் கேட்டோமா? ஊரில் அது வெறும் ‘தூள்’. செத்தல் மிளகாயையும் மல்லியையும் வறுத்து, மில்லிலே கொடுத்து அரைப்பித்து, ஆறவிட்டுப் போத்தலில் அடைத்து வைத்த தூள். அதற்கு ஊர்ப் பெயர் எதற்கு? வேறு தூள் இருந்தாலன்றோ அடையாளப் பெயர் வேண்டும்! கொழும்புக்கு அனுப்பும் பொதியில்தான் அது ‘ஊர்த்தூள்’ ஆயிற்று. கடல் கடந்த பின்னர் ‘யாழ்ப்பாணத்துக் கறித்தூள்’ ஆயிற்று. உலகெங்கும் நகரங்களின் பெயரைத் தாங்கி நிற்கும் உணவுகளை ஆராய்ந்து பார்த்தால், அவற்றுட் பெரும்பாலானவற்றின் கதையும் இத்தகையதே. உணவு தன் ஊரில் இருக்கும் வரை அதற்கு ஊர்ப் பெயர் தேவைப்படுவதில்லை. அது வெளியேறும்போதோ, அதனை உண்டவர்கள் வெளியேறும்போதோதான் பெயர் வந்து ஒட்டிக்கொள்கின்றது.

எமது பிள்ளைகள் பாடசாலை நண்பர்களோடு விரும்பி உண்ணும் ‘பபலோ’ கோழிச் சிறகை எடுத்துக்கொள்வோம். பபலோ என்றதும் எருமையின் இறைச்சியோ என்று ஐயுறும் முதியவர்கள் எம்மிடையே இன்றும் உள்ளனர். நியூ யோர்க் மாநிலத்தின் மேற்கு எல்லையிலுள்ள பபலோ நகரமே அது. 1964 இல் அங்குள்ள அங்கர் பார் என்னும் உணவகத்தில் தெரேசா பெலிசிமோ என்ற இத்தாலிய வழிவந்த அம்மையார், சூப்புக்கு மட்டுமே பயன்பட்ட சிறகுகளைப் பொரித்து, மிளகாய்க் குழம்பில் புரட்டிக் கொடுத்தார் என்பது பரவலாக வழங்கும் வரலாறு. அதே நகரில் அதே காலத்தில் ஜோன் யங் என்ற கறுப்பினத்தவரும் தமக்கே உரிய குழம்பொன்றுடன் சிறகுகளை விற்று வந்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பபலோவில் இந்த உணவுக்கு வெறுமனே ‘சிறகு’ என்றே பெயர். எம்மவர் பலருக்குப் பபலோ வேறொரு வகையில் அறிமுகமான இடம். 2004 டிசம்பரில் ‘பாதுகாப்பான மூன்றாம் நாடு’ உடன்படிக்கை நடைமுறைக்கு வரும் வரை, அமைதிப் பாலத்தைக் கடந்து கனடாவில் அகதி அந்தஸ்துக் கோருவதற்காகக் குடும்பம் குடும்பமாக அந்நகரிலே காத்திருந்தோர் பலர். அவர்களுக்குச் சிறகின் ஞாபகம் வராது. பனியின் ஞாபகம் வரும்.

ஊர்ப் பெயர் எப்போதும் உண்மை சொல்லும் என்று கொள்ளவும் கூடாது. பிலடெல்பியா என்ற பெயரோடு விற்கப்படும் வெண்ணிறப் பாற்கட்டி பிலடெல்பியாவிலே பிறந்ததன்று. 1870களில் நியூ யோர்க் மாநிலத்தின் செஸ்ரர் என்ற சிற்றூரில் வில்லியம் லோரன்ஸ் என்பவர் செய்த பண்டம் அது. பிலடெல்பியாப் பகுதியின் பாலுணவுக்கு அக்காலத்தில் நல்ல மதிப்பு இருந்தமையால், 1880 இல் வியாபாரத்தின் பொருட்டு அப்பெயரைச் சூட்டினர். இரவல் நகை போன்ற பெயர் எனலாம்.

ஹம்பேர்கரின் கதை வேறு. ஹம்பேர்க், ஜேர்மனியின் வட பகுதியிலுள்ள பெருந் துறைமுகம். 1850 முதல் 1939 வரை ஏறக்குறைய 50 இலட்சம் மக்கள் அத்துறையிலே கப்பலேறி ஐரோப்பாவை விட்டுச் சென்றனர். ஜேர்மனியர் மட்டுமல்லர், ரஷ்யப் பேரரசின் கொடுமைகளுக்குத் தப்பிய யூதர்கள், பஞ்சம் பிழைக்கப் புறப்பட்ட கிழக்கு ஐரோப்பியர் என எண்ணற்றோர். அவர்களைத் தங்கவைத்து மருத்துவப் பரிசோதனை செய்வதற்கென அங்குள்ள கப்பல் நிறுவனம் 1901 இல் தனி மண்டபங்களையே அமைத்தது. கொத்திய மாட்டிறைச்சியைத் தட்டிப் பொரிக்கும் உணவு 19 ஆம் நூற்றாண்டில் நியூ யோர்க் உணவகங்களில் ‘ஹம்பேர்க் இறைச்சி’ என்று வழங்கியது. அதனை முதலிற் பாணுக்குள் வைத்தவர் யார் என்பதில் இன்றும் வழக்கு ஓயவில்லை. கனெற்றிக்கற் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரத்தார் 1900 ஆம் ஆண்டைச் சுட்டுகின்றனர். ரெக்சாஸ் மாநிலத்திலே ஏதென்ஸ் என்று ஒரு சிறு நகரம் உண்டு. அங்கே பிளெச்சர் டேவிஸ் என்பவர் 1880களிலேயே இதனை விற்றார் என்பது அவ்வூரார் கட்சி. 2007 இல் ரெக்சாஸ் சட்டமன்றம் அதனை ஏற்றுத் தீர்மானமும் நிறைவேற்றியது. கிரேக்க நகரின் பெயரைச் சூடிய அமெரிக்கச் சிற்றூர், ஜேர்மன் நகரின் பெயரைச் சூடிய உணவுக்கு உரிமை கோருவது இந்த நாட்டுக்கே உரிய விநோதம்.

இங்கே சொல்லாராய்ச்சி ஒன்றையும் குறிப்பிடலாம். ஹம்பேர்க் என்பதன் ஈற்றிலுள்ள ‘பேர்க்’ என்ற ஜேர்மன் சொல்லுக்குக் கோட்டை, நகரம் என்று பொருள். ஒல்லாந்தர் காலத்திலிருந்து இலங்கையில் பறங்கியரைக் குறிக்க வழங்கும் ‘பேர்கர்’ என்பதும் நகரக் குடிமகன் என்ற பொருளில் இதே வேரிலிருந்து வந்தது. ஆங்கிலம் பேசுவோரோ ஹம்பேர்கரின் முன்பாதியைப் பன்றியின் தொடையிறைச்சி என மயங்கி, அதனை வெட்டிவிட்டுப் பின்பாதியைத் தனிச் சொல்லாக்கி, சீஸ் பேர்கர், கோழி பேர்கர் என்றெல்லாம் ஒட்டுப்போட்டனர். நகரம் போய்விட்டது, நகரத்தான் என்ற விகுதி மட்டும் மிஞ்சிற்று. 1917 இல் அமெரிக்கா ஜேர்மனியுடன் போரில் இறங்கியபோது அந்தப் பெயரே ஆகாததாயிற்று. ஹம்பேர்கரைச் ‘சுதந்திர இறைச்சி’ என்றும், ஜேர்மனியரின் புளித்த கோவாவைச் ‘சுதந்திரக் கோவா’ என்றும் அழைத்தனர். போர் முடிந்ததும் பழைய பெயர்கள் திரும்பின. அந்த நாட்களில் ஜேர்மன் பெயருடைய மனிதர்கள் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் இறைச்சித் துண்டு பட்ட பாடு ஒன்றுமில்லை. பெயரால் ஐயத்துக்கு ஆளாவது எத்தகையது என்பதை எமது வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

பிராங்பேர்ட்டர் எனப்படும் மெல்லிய சொசேஜின் பெயரில் இன்னொரு நுட்பம் உண்டு. லானர் என்ற இறைச்சித் தொழிலாளி பிராங்பேர்ட் நகரிலே தொழில் பயின்று வியன்னாவுக்குக் குடிபெயர்ந்தார். 1805 அளவில் அங்கே அவர் செய்து விற்ற சொசேஜை வியன்னா மக்கள் பிராங்பேர்ட்டர் என்றனர். அது வியன்னாவிலிருந்து ஏனைய இடங்களுக்குப் பரவியபோது, அவ்விடத்தார் அதனை ‘வீனர்’, அதாவது வியன்னாவினது, என்றனர். இன்றும் வியன்னாவில் அது பிராங்பேர்ட்டர், ஜேர்மனியில் வீனர். ஒவ்வோர் ஊராரும் அடுத்த ஊரின் பெயரையே சொல்கின்றனர். வந்தவர் எங்கிருந்து வந்தார் என்பதையே அயலார் முதலிற் கேட்கின்றனர் அல்லவா?

மனிதருக்கும் இது பொருந்தும். குடாநாட்டுக்குள்ளே நாம் வடமராட்சியார், தென்மராட்சியார், வலிகாமத்தார், தீவார். அதற்கும் உள்ளே சென்றால் இன்ன ஊரார், இன்ன குறிச்சியார். ‘யாழ்ப்பாணம் போகிறேன்’ என்று பருத்தித்துறையில் ஒருவர் சொன்னால் பட்டினத்துக்குப் பேருந்தில் போகிறார் என்றே பொருள். கொழும்புக்குச் சென்ற பின்னரே அவர் யாழ்ப்பாணத்தார் ஆகின்றார். இங்கு வந்த பின்னரோ எடிசனில் அவரை இந்தியர் என்றே எண்ணிக்கொள்கின்றனர்.

வளைகுடாப் பகுதியில் வாழ்வோர் சான் பிரான்சிஸ்கோவின் புளித்த பாணை அறிவர். 1849 இன் பொன் வேட்டைக் காலத்தில் அங்கு வந்த பூடான் என்ற பிரெஞ்சுக் குடும்பத்தினர் தொடங்கிய வெதுப்பகம் இன்றும் நடைபெறுகின்றது. முதல்நாள் மாவில் சிறிது எடுத்து மறுநாள் மாவைப் புளிக்கவைக்கும் முறை எமக்குப் புதியதன்று. அப்பத்துக்குக் கள்ளு விட்டுப் புளிக்கவைத்த வீடுகளிலிருந்து வந்தவர்கள் நாம். 1906 இன் பூகம்பத்தின்போது தாய்மாவை ஒரு வாளியில் எடுத்துக்கொண்டு ஓடிக் காப்பாற்றினர் என அக்கடையார் சொல்லி வருகின்றனர். 1971 இல் அதே பகுதியின் அல்பனி நகரிலுள்ள அரசாங்க ஆய்வுகூடத்தின் விஞ்ஞானிகள் அந்த மாவின் புளிப்புக்குக் காரணமான நுண்ணுயிரைப் பிரித்தறிந்து, அதற்கும் சான் பிரான்சிஸ்கோவின் பெயரையே இட்டனர். பின்னர் அதே நுண்ணுயிர் இத்தாலியிலும் பிரான்சிலும் ஜேர்மனியிலும் புளித்த மாவிலே கண்டறியப்பட்டது. ஊருக்கு மட்டுமே உரியது என்று எண்ணியது உலகெங்கும் இருந்தது. பெயர் மட்டும் சான் பிரான்சிஸ்கோவுக்குக் கிடைத்துவிட்டது.

ஆனால் எம் நெஞ்சைத் தொடும் பெயர் இவற்றுள் எதுவும் அன்று. நியூ ஜேர்சியிலிருந்து ஹட்சன் ஆற்றைக் கடந்து மன்ஹற்றனின் கீழ்க் கிழக்குப் பகுதிக்குச் சென்றால், கிராண்ட் வீதியில் கொசார் என்ற பழைய வெதுப்பகம் உண்டு. அங்கே ‘பியாலி’ என்ற சிறு வட்டப் பாண் சூட்டோடு கிடைக்கும். நடுவில் விரலால் அழுத்திய குழி. குழியிலே நறுக்கிய வெங்காயம். பேகலைப் போல இதனை நீரில் அவிப்பதில்லை. சுட்ட சில மணி நேரத்துக்குள் உண்ணவேண்டும். பொழுது சாய்ந்தால் இறுகிவிடும். அதனால்தான் பேகல் பெற்ற புகழை இது பெறவில்லை போலும்.

பியாலி என்பது பியாலிஸ்ரொக் என்பதன் சுருக்கம். போலந்தின் வடகிழக்கில் உள்ள நகரம் அது. எஸ்பெராந்தோ மொழியை ஆக்கிய சாமன்கோவ் 1859 இல் பிறந்த ஊரும் அதுவே. இரண்டாம் உலகப் போருக்கு முன் அந்நகர மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் யூதர்கள். அவர்கள் இந்தப் பாணை ‘கூகன்’ என்று மட்டும் அழைத்தனர். ஊர்ப் பெயர் சேர்க்கவில்லை. 1906 யூனில் அந்நகரில் யூதர்களுக்கு எதிரான படுகொலை நிகழ்ந்தது. அதற்கு முன்னும் பின்னும் ஆயிரக்கணக்கானோர் நியூ யோர்க், புவனஸ் அயர்ஸ், மெல்பேர்ண் எனப் பல திசைகளிலும் சிதறினர். நியூ யோர்க்கில் அவர்கள் ஊர்ச் சங்கம் அமைத்தனர். தம் ஊரின் பெயரிலேயே கோயில் நடத்தினர். முதியோர் இல்லம் ஒன்றையும் 1931 இல் கட்டித் திறந்தனர். ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் நடத்தும் எமக்கு இது நன்கு புரியும். பாணும் அங்கேதான் ‘பியாலிஸ்ரொக் கூகன்’ எனப் பெயர் பெற்றுப் பின்னர் பியாலி என்று குறுகியது.

1941 யூன் 27 அன்று ஜேர்மன் படைகள் பியாலிஸ்ரொக்கினுள் நுழைந்தன. அன்றே நகரின் பெரிய யூதக் கோயிலுக்குள் நூற்றுக்கணக்கானோரை அடைத்துத் தீயிட்டனர். எஞ்சியோரை முட்கம்பி வேலிக்குள் அடைத்தனர். 1943 ஓகஸ்டில் அவ்வடைப்பையும் அழிக்கத் தொடங்கியபோது உள்ளிருந்தோர் கிளர்ந்தெழுந்தனர். சில நாட்களில் அடக்கப்பட்டனர். பெரும்பாலானோர் திரெபிளிங்கா முதலிய கொலை முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். பாணைச் சுட்டவர்களும் இல்லை, உண்டவர்களும் இல்லை. நியூ யோர்க்கின் உணவு விமர்சகரான மிமி ஷெரற்றன் என்ற அம்மையார் 1990களில் இந்தப் பாணின் வேரைத் தேடிப் பியாலிஸ்ரொக்குக்கே சென்றார். அங்கே பியாலி கிடைக்கவில்லை. பின்னர் உலகெங்கும் எஞ்சியிருந்த அவ்வூராரைத் தேடிச் சந்தித்து, அவர்கள் நினைவிலிருந்தவற்றைத் திரட்டி 2000 இல் ஒரு நூல் வெளியிட்டார். ஓர் ஊரின் உணவு அவ்வூரில் அழிந்து, புலம்பெயர்ந்தோரின் அடுப்பிலே மட்டும் உயிர் வாழ்வது இப்படித்தான் நேர்ந்தது. முதியோர் இல்லமும் 2011 இல் மூடப்பட்டது. வெதுப்பகத்தின் அடுப்பு இன்னும் எரிகின்றது. அதை இன்று நடத்துவோருக்கும் பியாலிஸ்ரொக்கிலே பிறந்தோருக்கும் இடையில் தலைமுறைகள் பல கடந்துவிட்டன.

ஆங்கில எழுத்தில் எமது யாழ்ப்பாணத்திலிருந்து ஓரெழுத்தே வேறுபடும் நகரம் ஜாஃபா. எமது கடவுச்சீட்டில் பிறந்த இடத்தைப் படித்துவிட்டு ‘தோடம்பழ ஊரா?’ என்று கேட்கும் அதிகாரிகள் உண்டு. தமிழ் வேதாகமத்தில் யோப்பா என வரும் பழந்துறைமுகம் அது. 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்குள்ள அரபுக் கமக்காரர் விருத்திசெய்த ‘சமூத்தி’ என்ற தடித்த தோலுடைய தோடம்பழம் கப்பற் பயணத்தைத் தாங்கியமையால் ஐரோப்பாவெங்கும் ஜாஃபா என்ற பெயரில் விற்பனையாயிற்று. 1948 இன் போரில் அந்நகரின் அரபு மக்கள் சுமார் 70,000 பேரில் சில ஆயிரம் பேரே எஞ்சினர். ஏனையோர் காசாவுக்கும் லெபனானுக்கும் அகதிகளாய்ச் சென்றனர். தோடம்பழங்களோ அதே பெயரோடு, இப்போது இஸ்ரேலின் ஏற்றுமதியாக, கப்பலேறிக்கொண்டிருந்தன. லண்டனிலுள்ள எம் உறவினர் தேநீரோடு உண்ணும் ஜாஃபா கேக்கிலும் அந்தப் பெயர் 1927 முதல் இருக்கின்றது. தோட்டத்தை இழந்தவர்கள் அகதி முகாமிலிருந்து அந்தப் பெயரைப் பழப்பெட்டியிலே பார்த்திருப்பார்கள்.

இனி எமது வீட்டுக்கு வருவோம். நாம் பெருமையோடு சொல்லும் யாழ்ப்பாணத்து மாம்பழம் எது? கறுத்தக் கொழும்பான். எமது மாவின் பெயரிலே கொழும்பு! எந்த வழியால் அப்பெயர் வந்தது என ஆராய்வோர் ஆராயட்டும். கொழும்பு என்ற பெயரே இலை செறிந்த மாமரத்தைக் குறிக்கும் சிங்களச் சொற்களால் ஆனது என ஒரு கர்ண பரம்பரைக் கதையும் உண்டு. அது உண்மையானால் மாமரம் ஊருக்குப் பெயர் கொடுத்து, ஊர் மாம்பழத்துக்கு அதனைத் திருப்பிக் கொடுத்திருக்கின்றது. மஸ்கற் என்ற இனிப்பு அரபுக் கரையின் துறைமுகத்தை நினைவூட்டுகின்றது. மைசூர்ப் பருப்போ பெயரளவிலேயே நகரத்தது. இந்தியக் கடையில் மைசூர்ப் பருப்பு என்று கேட்டு, கடைக்காரர் விழிக்க நின்ற அனுபவம் எம்மவர்களில் அநேகருக்கு இருக்கும். மசூர் என்று கேட்டால் உடனே எடுத்துத் தருவார். வடநாட்டு மசூரே எமது நாவில் மைசூர் ஆயிற்று என்பது பொருத்தமாகத் தெரிகின்றது. மைசூர் நகருக்கும் அதற்கும் தொடர்பில்லை. இலங்கை 1972 இல் சிலோன் என்ற பெயரைக் கைவிட்ட பின்னும் தேயிலை அதனைக் கைவிடவில்லை. அந்தக் கொழுந்தைப் பறித்த மலையக மக்களின் பெயரோ தேயிலைப் பெட்டியில் என்றுமே இடம்பெற்றதில்லை.

ஊர்ப் பெயரைச் சட்டத்தாற் காப்பதும் இப்போது நடைபெறுகின்றது. பழனிப் பஞ்சாமிர்தமும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் 2019 இல் இந்தியாவின் புவிசார் குறியீட்டைப் பெற்றன. கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020 இல் பெற்றது. சிலோன் கறுவாவை 2022 இல் ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்தது. யாழ்ப்பாணத்துக் கறித்தூள் என்ற பெயரை இந்த நாட்டில் எவர் வேண்டுமானாலும் பொதியில் அச்சிடலாம். சில பொதிகளைத் திறந்தால் வறுத்த மணமே இல்லை. செத்தல், மல்லி, நற்சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை என்பனவற்றைத் தனித்தனியே பக்குவமாய் வறுப்பதிலேயே எமது தூளின் குணம் இருக்கின்றது. மிளகாயையும் சேர்த்து வறுத்தரைப்பது எமது வழக்கம். தென்னிலங்கைக் கறித்தூளில் பெரும்பாலும் மிளகாய் சேராது. வேறுபாடு இதுதான். அளவுகளோ வீட்டுக்கு வீடு மாறும்.

இப்பெயருக்கு உரியோர் யார் என்று கேட்டால், அந்தப் பட்டினத்தில் அடுப்பு மூட்டிய எல்லோருமே. 1990 ஒக்ரோபரில் இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் அகதி வாழ்வு தொடங்கிய முஸ்லிம் மக்களும் அதற்கு உரியவர்களே. அவர்கள் வீட்டுத் தூளும் யாழ்ப்பாணத்துத் தூள்தான். அதனை எழுத நாம் தயங்குவது நியாயமன்று. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே வெறுமையாகிய நாளையும் நாம் அறிவோம். ஆயினும் எமது ஊர் பியாலிஸ்ரொக் ஆகிவிடவில்லை. மறு ஆண்டே மக்கள் திரும்பத் தொடங்கினர். அங்கே இன்றும் மில்கள் அரைக்கின்றன, பனங்கிழங்கு காய்ந்து ஒடியலாகின்றது, கூழ் காய்ச்சப்படுகின்றது. கறித்தூளின் பக்குவத்தை ஊரிலே கேட்டறிய இன்னும் ஆட்கள் இருக்கின்றனர். இங்கேயோ அதனைக் கையால் வறுக்கத் தெரிந்தோர் பெரும்பாலும் எழுபது வயதைக் கடந்த அன்னையர்.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுத் தூளின் அளவை, இறாத்தலிலோ கொத்திலோ சுண்டிலோ எப்படி அளந்தார்களோ அப்படியே, அம்மாவிடமோ அம்மம்மாவிடமோ கேட்டு எழுதி அனுப்புங்கள். ஊரின் பெயரையும் தவறாது குறியுங்கள். யாழ்ப்பாணம் என்று மட்டும் எழுதாமல் கரவெட்டி, சுன்னாகம், புங்குடுதீவு, சோனகதெரு எனக் குறிச்சியோடு எழுதுவது விரும்பத்தக்கது.